தண்டனை வேணும், வேலி வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபுட்பால் கிரவுண்டுக்குள்ள ஓடி வர்ற ரசிகர்களை என்ன பண்றதுன்னு உங்க வாசகர் கடிதம் பகுதியில நடக்கிற வாக்குவாதத்தை தொடர்ந்து படிச்சுக்கிட்டு வர்றேன். ஒரு கூட்டம், சின்னப் பசங்க சந்தோஷத்துல ஓடுறாங்க, இதுக்குப் போய் கேஸாங்குது. இன்னொரு கூட்டம், பிடிச்சு உள்ள போடு, சுத்தி கம்பி வேலி அடி, அப்பதான் அடங்குவானுங்கங்குது. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல. தண்டனை கண்டிப்பா இருக்கணும் சார், ஆனா எல்லைக் கோட்டைத் தாண்டினதுக்கு ஒரு அளவு, தாண்டிப் போய் யார் மேலயாவது கை வெச்சா அதுக்கு வேற அளவு. வேலிங்கிற பேச்சை மட்டும் தயவுசெஞ்சு எடுக்காதீங்க.

வேலி கேக்குறவங்க 1989 ஏப்ரல் 15ஐ மறந்துட்டாங்க போல. இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல ஹில்ஸ்பரோ ஸ்டேடியம், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதின எஃப்.ஏ. கப்புங்கிற கிளப் போட்டியோட அரையிறுதி. ஒரு பக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னு பாக்குற இடத்தை கூண்டு கூண்டா பிரிச்சு வெச்சிருந்தாங்க, நடுவுல இருந்த கூண்டு ஏற்கனவே நிரம்பிடுச்சு, அதுக்குள்ளயே மேல மேல ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க, முன்னாடி கம்பி வேலி, மூச்சு முட்டி சில பேர் அது மேல ஏறிக் குதிக்கிறாங்க. அதைப் பாத்த போலீஸ்ல சில பேர் ரசிகர்கள் அத்துமீறி கிரவுண்டுக்குள்ள வர்றாங்கன்னு நினைச்சு திரும்ப உள்ளயே தள்ளுனாங்க. 3 மணிக்கு ஆரம்பிச்ச மேட்ச் 3.06க்கு நின்னு போச்சு. அன்னிக்கு அடிபட்டு பல வருஷம் கழிச்சு இறந்தவரையும் சேத்து மொத்தம் 97 பேர். கிரவுண்டுக்குள்ள யாரும் ஓடக்கூடாதுன்னு போட்ட வேலி சார் அது.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1985 மே 11, அதே இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு. மேட்ச் நடந்துக்கிட்டிருக்கும்போதே பழைய மர ஸ்டாண்டு தீப்பிடிச்சு சில நிமிஷத்துல மொத்தமும் எரிஞ்சுது, 56 பேர் செத்தாங்க. ஆனா அந்த ஸ்டாண்டுக்கு முன்னாடி வேலி கிடையாது, அதனால முன்பக்கமா ஓடினவங்க கிரவுண்டுக்குள்ள குதிச்சு தப்பிச்சாங்க, வந்த வழியா பின்பக்கம் ஓடினவங்கதான் பூட்டின வாசல்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. நெருப்போ நெரிசலோ வந்தா ஜனங்களுக்கு இருக்கிற ஒரே திறந்த வெளி அந்தப் புல்லுதான். அதை அடைக்கலாமா?

ஹில்ஸ்பரோவுக்கு அப்புறம் நீதிபதி டெய்லர் விசாரணை நடத்தி அறிக்கை குடுத்தாரு, வேலிங்க இறங்குச்சு, பெரிய ஸ்டேடியமெல்லாம் எல்லாருக்கும் சீட்டுன்னு மாறுச்சு. கூடவே 1991ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க. மேட்ச்சுக்கு 2 மணி நேரம் முன்னாடிலேர்ந்து முடிஞ்சு 1 மணி நேரம் வரைக்கும், அனுமதியோ சட்டம் ஏத்துக்கிற காரணமோ இல்லாம கிரவுண்டுக்குள்ள போனா குற்றம், அதிகபட்சம் 1000 பவுண்டு அபராதம். உயிருக்குப் பயந்து ஓடுறவனுக்கு அந்த 'காரணம்'ங்கிறதுலயே வழி இருக்கு. அதனால பசங்கதானே விட்டுடுங்கங்கிறவங்களுக்கும் சொல்றேன், வேலி இருந்த இடத்துல இப்ப நிக்கிறது இந்த மாதிரி சட்டம்தான், அதையும் எடுத்துட்டா, பெருசா ஏதாவது ஒண்ணு நடந்த மறுநாளே வேலி திரும்பி வந்துடும்.

சரி, சும்மா ஓடுறவனால என்ன நஷ்டம்னு கேக்குறீங்க. ஓடி வர்றவன் சும்மா ஓடுறானா இல்லையான்னு வர்ற வரைக்கும் யாருக்கு சார் தெரியும்? 2019 மார்ச்ல பர்மிங்ஹாம் சிட்டி - ஆஸ்டன் வில்லா மேட்ச்ல ஒருத்தன் ஓடி வந்து பின்னாடிலேர்ந்து வில்லா பிளேயர் ஜாக் கிரீலிஷ் தாடையில குத்தினான். அந்தாளு எழுந்து ஆடி ஜெயிக்கிற கோலையும் போட்டாரு, அது வேற கதை. குத்தினவனுக்கு 14 வாரம் ஜெயில். ஆனா அவன் கையில கத்தி இருந்திருந்தா? டென்னிஸ்ல 1993ல ஹாம்பர்க்ல அதுதான் நடந்துச்சு, பாக்க வந்த கூட்டத்துலேர்ந்து ஒருத்தன் இறங்கி வந்து உட்கார்ந்திருந்த மோனிகா செலஸை முதுகுல குத்தினான், உலக நம்பர் ஒன்னா இருந்த பொண்ணு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆட்டத்துக்கே வரல.

செல்ஃபி கேஸும் அப்படித்தான். 2024 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையில, டார்ட்மண்ட்ல போர்ச்சுகல் - துருக்கி மேட்ச், முதல்ல ஒரு குட்டிப் பையன் ஓடி வந்தான், ரொனால்டோ சிரிச்சுக்கிட்டே போஸ் குடுத்தாரு, எல்லாருக்கும் அழகா இருந்துச்சு. அவனுக்குக் கிடைச்சதைப் பாத்துட்டு ஒவ்வொருத்தனா போனைத் தூக்கிட்டு இறங்க ஆரம்பிச்சானுங்க, கடைசியில ரொனால்டோவே எரிச்சலாயிட்டாரு. அந்தக் குழந்தையை யாரும் தண்டிக்க வேணாம், அடுத்தடுத்து வந்த தடிப்பசங்களை எதுக்கு விடணும்? அதுல ஒருத்தன் வேற எண்ணத்தோட வந்திருந்தா போனைப் பிடிச்ச கைக்கும் வேற எதையோ பிடிச்ச கைக்கும் அந்த ரெண்டு செகண்டுல வித்தியாசம் தெரியுமா?

ஆட்டமும் கெடுது. 2018 உலகக் கோப்பை ஃபைனல்ல போலீஸ் மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு நாலு பேர் எதிர்ப்பு காட்டுறேன்னு உள்ள ஓடினாங்க. 2-1னு பின்தங்கியிருந்த குரோஷியா அப்பதான் முன்னேறி வந்துக்கிட்டிருந்துச்சு, அந்த மூவ் அப்படியே நின்னுச்சு. 15 நாள் ஜெயில், 3 வருஷம் எந்த விளையாட்டுக்கும் போகத் தடை. அவங்க சொன்ன விஷயம் நியாயமா இல்லையாங்கிறது வேற, ஆனா நாலு வருஷம் காத்திருந்து அங்க வந்து நிக்கிற 22 பேருக்கு அந்த நிமிஷம் சொந்தம்.

இதை எல்லாத்தையும் விட எனக்கு மனசு ஆறாதது 2007ல கோபன்ஹேகன்ல நடந்த டென்மார்க் - ஸ்வீடன் யூரோ தகுதிச் சுற்று மேட்ச்தான். டென்மார்க் 0-3னு கிடந்து 3-3க்கு ஏறி வந்திருக்கு, மேட்ச் முடியப் போற நேரம், டென்மார்க் பிளேயர் ஒருத்தர் ஸ்வீடன்காரரை வயித்துல குத்த, ரெஃப்ரி சிவப்பு அட்டை காட்டி ஸ்வீடனுக்கு பெனால்டி குடுத்தாரு. உடனே ஒரு ரசிகன் கேலரியிலேர்ந்து இறங்கி ரெஃப்ரியை அடிக்கப் பாய்ஞ்சான். மேட்சை அங்கயே நிறுத்திட்டாங்க, ஸ்வீடன் 3-0ல ஜெயிச்சதா அறிவிச்சாங்க, டென்மார்க் அந்த யூரோவுக்கே தகுதி பெறல. அப்புறம் டென்மார்க் சங்கம் அந்த ஆள் மேல நஷ்ட ஈடு கேஸ் போட்டு ஜெயிச்சுது. இது நல்ல வழின்னு நான் நினைக்கிறேன், ஒருத்தன் பண்ணதுக்கு கேலரியில ஒழுங்கா உட்கார்ந்திருந்த மத்தவன் எல்லாம் அடுத்த மேட்ச்சை இழக்கிறதை விட, பண்ணவன் பாக்கெட்லேர்ந்து வாங்குறது எவ்வளவோ மேல்.

கடைசி விசில் அடிச்சதும் ஆயிரக்கணக்குல இறங்குறாங்களே, அதுதான் சிக்கல். 1967ல லிஸ்பன்ல ஸ்காட்லாந்து கிளப் செல்டிக் ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்சப்போ ரசிகர்கள் வெள்ளமா உள்ள வந்துட்டாங்க. செல்டிக் பிளேயருங்க சில பேர் கழட்டி வெச்ச பொய்ப்பல்லு கோல் கீப்பர் சிம்ப்சனோட தொப்பிக்குள்ள, கோல் வலைக்குள்ளயே கிடந்துச்சு, கோப்பையை வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் பல்லைக் காப்பாத்த ஓடினாராம்! அந்தக் கூட்டத்துமேல கேஸ் போடுங்கன்னு எவனாவது சொல்வானா. ஆனா 2022 மே மாசம் பாருங்க, சில நாளுக்குள்ள வரிசையா. நாட்டிங்ஹாம்ல ரசிகர்கள் உள்ள ஓடினப்போ ஷெஃபீல்டு யுனைடெட் பிளேயர் பில்லி ஷார்ப், காயத்துனால அன்னிக்கு ஆடவே இல்ல, ஓரமா நின்னுக்கிட்டிருந்தவரை ஒருத்தன் ஓடி வந்து தலையால முட்டிக் கீழ தள்ளினான், 24 வாரம் ஜெயில். எவர்ட்டன் கிளப் கிரவுண்டுல கிரிஸ்டல் பேலஸ் கோச் பேட்ரிக் வியரா தோத்துட்டு கிரவுண்டைத் தாண்டி நடந்து போறாரு, ஒருத்தன் முகத்துக்கு நேரா வந்து சீண்டினான், அவர் திரும்பி உதைச்சுட்டாரு. மான்செஸ்டர் சிட்டி கப்பு ஜெயிச்ச அன்னிக்கு எதிரணி கோல் கீப்பர் ராபின் ஓல்சனுக்கு அடி. கொண்டாடத்தானே வந்தாங்கன்னா, தோத்தவங்ககிட்ட இவங்களுக்கு என்ன வேலை?

அந்த வருஷம் ஜூலைல அங்க புது விதி கொண்டு வந்தாங்க, உள்ள ஓடினா குறைஞ்சது ஒரு வருஷம் அந்த கிளப் மேட்ச்சுக்கு வர முடியாது. சின்னப் பையன் ஓடினா கூட வந்த அப்பா அம்மாவுக்கும் தடை போடலாமான்னு பேச்சு அடிபட்டுச்சு, அது எனக்கு ஓவரா தெரியுது. அபராதத்தை விட இந்தத் தடைதான் உறைக்கும், 1000 பவுண்டை சில பேர் வீடியோ எடுக்கிற செலவா நினைச்சுக்குவான், சீசன் முழுக்க வீட்ல உட்காருன்னா வலிக்கும். ஆள் மேல கை வெச்சவனுக்கு கோர்ட்டு 3 வருஷத்துலேர்ந்து 10 வருஷம் வரைக்கும் தடை போடலாம், நேஷனல் டீம் வெளிநாட்டுல ஆடும்போது பாஸ்போர்ட்டையும் போலீஸ்ல குடுத்துடணும். சரியான வைத்தியம்.

பிடிக்கிற வேலை மட்டும் அதுக்குன்னு இருக்கிற ஆளுங்களோட வேலையா இருக்கணும். தொண்ணூறு நிமிஷமும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு கேலரி முகங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க வேலை. பிளேயர் துரத்தவே கூடாது, கிரிக்கெட்ல 1982ல பெர்த்ல டெரி ஆல்டர்மன் உள்ள வந்த ஒருத்தனைப் பாய்ஞ்சு பிடிக்கப் போய் தோள்பட்டை இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல பந்தே போடல. போலீசும் கண்ணீர்ப் புகையைத் தொடக்கூடாது, உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவோட விதியிலயே அதுக்கு அனுமதி கிடையாது. 2022 அக்டோபர் 1ல இந்தோனேசியாவுல மலாங் ஊர்ல மேட்ச் தோத்த கோவத்துல ரசிகர்கள் இறங்கினாங்க, போலீஸ் கேலரி மேலயும் புகைக்குண்டு அடிச்சாங்க, வாசல் நெரிசல்ல 135 பேர் செத்தாங்க. கோட்டைத் தாண்டாம தன் இடத்துலயே இருந்தவங்களும் செத்தவங்கள்ல உண்டு.

சீசன் கடைசி நாள் கொண்டாட்டத்துக்கு சட்டத்துலயே ஒரு இடம் இருக்குன்னு எனக்குப் படுது. அனுமதி இல்லாம போறதுதானே குற்றம், அப்போ கிளப்பே அனுமதி குடுக்கட்டுமே. எதிரணியும் ரெஃப்ரியும் முதல்ல உள்ள போயிடட்டும், மைக்ல சொல்லிட்டு ஒவ்வொரு ஸ்டாண்டா இறக்கி விடட்டும், அரை மணி நேரம் புல்லுல ஆடிட்டுப் போகட்டும். தன் ஸ்டாண்டை இறக்கி விடுற வரைக்கும் கூட பொறுக்க முடியாம முன்னாடியே குதிக்கிறவனுக்கு ஒரு வருஷம் டிக்கெட் கட், அதுல பேச்சே கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையின் வாசகன்