ஊர்க்காரப் பசங்க செய்தாலும் ராகிங் ராகிங்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர், சேலம் பக்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் பெங்களூரு கல்லூரிகளில் வந்து சேருகிறார்கள். ராகிங் என்றாலே பெற்றோருக்கு நினைவில் வருவது மொழி தெரியாத ஊர், முரட்டு சீனியர், கல்லூரி ஹாஸ்டல். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது அப்படி இல்லை. செய்தவர்கள் தமிழ்ப் பையன்கள். நடந்த இடம் ஒரு பி.ஜி.யின் (பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) மொட்டை மாடி. அதனாலேயே அதை ராகிங் என்று ஒத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. இதை எழுத எனக்கு இருக்கும் காரணம் அதுதான்.

என் அக்கா மகன் அட்மிஷன் போட்ட வாரமே சீனியர்கள் அவனை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கே.ஆர்.புரம் ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அட்வான்ஸைக் குறைத்துப் பேசி ரூம் எடுத்துக் கொடுத்தார்கள். எந்த மெஸ்ஸில் சாம்பார் நம் ஊர் மாதிரி இருக்கும் என்பது வரை சொன்னார்கள். அக்காவுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

வகுப்பு தொடங்கியதும் அதே குழுவில் ராத்திரி மெசேஜ் வரும், ‘ஜூனியர்ஸ் எல்லாம் மாடிக்கு வாங்க, இண்ட்ரோ’ என்று. தண்ணீர்த் தொட்டி ஓரமாக வரிசையில் நிற்க வேண்டும். சீனியர் முகத்தைப் பார்க்கக் கூடாது, சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பெயர், ஊர், ப்ளஸ் டூ மார்க், அப்பா என்ன வேலை. ஒரு வார்த்தை தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் அத்தான் ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கிறார். பையன் அதைச் சொன்னதும் ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். அன்று முதல் அந்தக் குழுவில் அவன் பெயர் ‘நாத்தம்’. அப்புறம் அண்ணன்களுக்கு ரெக்கார்டு எழுதுவது, நடுராத்திரியில் சிகரெட் வாங்கி வருவது, கேட்டபோதெல்லாம் ஜிபேயில் பணம் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கல்லூரி விழாவுக்கு ஆடும் நடனக் குழுவும் இவர்கள் கையில்தான். மாடிக்கு வராதவனுக்கு அதில் இடமில்லை.

விஷயம் வெளியே வந்தபோது அக்கா முதலில் சொன்னது: “அந்தப் பசங்கதானே ரூம் பார்த்துக் குடுத்தாங்க, அவங்க மேல போய் கம்ப்ளெயின்ட் குடுக்கறதா?” துறைத் தலைவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். பி.ஜி. எங்கள் கேம்பஸ் கிடையாது, உங்கள் ஊர்ப் பசங்கதானே, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொன்னார். அடித்தவனும் அடிபட்டவனும் அப்படிக் கைகுலுக்கினால் யார் யாருக்குப் பயந்து குலுக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வகுப்பில் ஒருவரும் பையனுக்கு நோட்ஸ் தரவில்லை, சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. ‘போட்டுக் கொடுத்தவன்’ என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

நான் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் புகார் உதவி எண்ணுக்கு (1800-180-5522) அழைத்துப் புகார் பதிந்த பிறகுதான் கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு கூடியது. இந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதன் பிறகு இரண்டு சீனியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள்.

கேம்பஸ் கிடையாது என்ற பேச்சு செல்லாது. 2009ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் வளாகத்துக்கு உள்ளே, வெளியே இரண்டுக்கும் பொருந்தும். மாணவர்கள் போய்வரும் பஸ்ஸைக்கூட விடவில்லை. 2016 திருத்தம் இன்னும் தெளிவு. ஊர், மொழி, சாதி, தோற்றம், வீட்டுப் பொருளாதார நிலை இவற்றைச் சொல்லி ஒருவரை உடலாலோ மனதாலோ வதைப்பதும், ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான். அதாவது அந்தப் பட்டப்பெயரும் ராகிங், அதற்குப் பிறகு நடந்த ஒதுக்கலும் ராகிங். சீனியர்கள் தொடங்கும் இப்படிப்பட்ட வாட்ஸ்அப் குழுக்களைக் கண்காணிக்கும்படி 2025இல் யுஜிசி கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கர்நாடகக் கல்விச் சட்டத்திலும் ராகிங் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

‘சும்மா நிக்கத்தானே வெச்சாங்க’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் குஜராத்தின் பாடன் அருகே ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியில், இதே இண்ட்ரோ என்ற பெயரில் முதலாண்டு மாணவர்களை மூன்று மணி நேரத்துக்கும் மேல் நிற்க வைத்தார்கள். ஒரு மாணவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். 15 சீனியர்கள் மேல் வழக்கு. நமக்கு 1996 மறந்திருக்காது. சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே வந்தது.

சட்டத்துக்குக் குறைவில்லை, விதிக்கும் குறைவில்லை. முதல் நாளில் கல்லூரி என்ன செய்கிறது என்பதில்தான் கோளாறு. மிரட்டல், அடைத்து வைத்தல், பணம் பறித்தல் மாதிரி குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் கல்லூரித் தலைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்பது விதி. சமாதானம் பேசுவதற்கு அதில் இடமே இல்லை. முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முதலாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக்கணிப்பு எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் பையனிடம் அப்படி ஒரு தாளை யாரும் நீட்டவில்லை. நீட்டியிருந்தால், பெயர் எழுத வேண்டாம் என்ற தைரியத்தில் மாடிக் கதையை ஒரு பிள்ளையாவது எழுதியிருக்கும். ஆறு புது மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற ஏற்பாடும் விதியில் உண்டு. கல்லூரி அதைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் வாட்ஸ்அப் அண்ணன்கள் வந்து உட்காருகிறார்கள். ஸ்டேஷனுக்கு வர ஆள் வேண்டும், ரூம் பார்க்க ஆள் வேண்டும். கல்லூரியே பொறுப்பான சீனியர்களை அதற்கு நியமித்துவிட்டால், உதவி செய்தேன் என்று சொல்லி ஒருவன் இன்னொருவனை அடிமை ஆக்க முடியாது.

நடனக் குழு, விளையாட்டு அணி, மாநிலவாரி மாணவர் குழு இவற்றுக்கு ஆசிரியர் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரளவில் இருக்கிறார். யார் எப்படிச் சேர்க்கப்படுகிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. புது உறுப்பினர் தேர்வு பகலில், கல்லூரிக்குள், ஆசிரியர் முன்னால் நடக்கட்டும். ராகிங் செய்தவரைப் போட்டிகளிலும் இளைஞர் விழாக்களிலும் கல்லூரி சார்பாகக் கலந்துகொள்ள விடாமல் தடுக்கவும் விதி இடம் தருகிறது. மேடைதான் உயிர் என்று இருக்கும் பசங்களுக்கு இது உறைக்கும்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். பையன் அடிக்கடி பணம் கேட்டாலோ, காரணம் சொல்லாமல் வாராவாரம் ஊருக்கு வருவேன் என்று நின்றாலோ கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள், திட்டாமல். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஜிபே விவரத்தையும். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உதவி எண்ணில் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சமாதானம் பேசக் கூப்பிட்டால் பிள்ளையை அந்த அறைக்கு அழைத்துப் போகாதீர்கள். முதல் வேலையாக அவன் படுக்கும் இடத்தை மாற்றுங்கள்.

விதியில் இன்னொன்றும் இருக்கிறது. முதலாண்டு முடிக்கும் மாணவர்களின் வீட்டுக்குக் கல்லூரித் தலைவர் கடிதம் எழுத வேண்டும், அடுத்த வருஷம் திரும்பி வரும்போது உங்கள் பிள்ளை ராகிங் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மாடியில் அதிகமாகக் கத்தியவன் போன வருஷம் அதே தொட்டி ஓரத்தில் நின்றவன்தானாம். அந்தக் கடிதம் அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

பெங்களூரில் உள்ள தமிழ் அமைப்புகளிடம் ஒரு கோரிக்கை. கன்னடம் தெரியாத பெற்றோர் ஊரிலிருந்து ஓடி வந்து, எந்தப் போலீஸ் நிலையம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தெருவில் நிற்கிறார்கள். கல்லூரி திறக்கும் முதல் மூன்று மாதங்களிலாவது, கூடப் போய்ப் பேச விவரம் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் எண்ணை இந்தப் பத்திரிகையிலும் வெளியிடச் செய்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி
(பையன் இன்னும் அங்கேதான் படிக்கிறான்)
பெங்களூரு