தம்பியின் மறதியும் 90 விநாடிச் சோதனையும்

அன்புள்ள நண்பா,

தம்பிக்கு மறதி கூடிவிட்டது, இத்தனை வருஷம் பெயின்ட் ஸ்ப்ரே அடித்ததுதான் காரணமா, சோதனை செய்தால் தெரியுமா என்று கேட்டிருந்தாய். என் வேலையே அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சோதனைகள் பார்க்க எளிமையானவை. தாளின் மேலே 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. கீழே வெறும் எண்கள், 90 விநாடிக்குள் எத்தனை கட்டங்களில் சரியான குறியைப் போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. பெயின்ட், தின்னரில் இருக்கும் கரைப்பானின் ஆவியைப் பல வருஷம் சுவாசித்தவர்களில் சிலர் நன்றாகப் பேசுவார்கள், நடப்பார்கள், டாக்டர் முழங்காலில் தட்டினால் கால் ஒழுங்காகத் துள்ளும். ஆனால் இந்தத் தாளைக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண் மேலே போய்ப் போய் வரும், குறி மனதில் தங்காது.

வெளியே தெரியாத பாதிப்பைச் சோதனை காட்டிவிடும் என்பதற்கு, கரைப்பான் அல்ல, ஈயம் பற்றிய ஒரு பழைய உதாரணம் உண்டு. 1979-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் குழந்தைகளின் விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்தார். எந்த நோய் அறிகுறியும் இல்லாத பிள்ளைகள்தான், ஆனாலும் ஈயம் அதிகமிருந்தவர்களுக்குக் கவனமும் மொழித்திறனும் குறைவாக இருந்தன.

ஆனால் அந்த ஆய்வு கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்டது. தனி ஆளின் மதிப்பெண்ணை வயது, படிப்பு, தூக்கம், குடி எல்லாமே இழுக்கும். உன் தம்பி இன்று குறைவாக எடுத்தால், முன்பும் அப்படித்தானா, இப்போதுதான் குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? வேலைக்குச் சேரும் அன்றே ஒரு தாள் எழுதி வாங்கி வைத்திருந்தால் போதும், சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் ஆட்களை ஸ்ப்ரே அறைக்குள் அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, இப்போதைக்கு வேலை முடிந்த கையோடு சோதனைக்குப் போக வேண்டாம், அன்றைய ஆவியின் மயக்கமும் அதில் சேர்ந்துவிடும். சில வாரம் விலகியிருந்து, நன்றாகத் தூங்கி எழுந்து போகட்டும். தொழில்சார் மருத்துவம் தெரிந்த டாக்டராகப் பார், தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்கச் சொல், அவற்றாலும் மறதி வரும். அப்புறம், தின்னர் டின்களின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஹெக்சேன் என்ற கரைப்பான் இருந்தால் கை கால் நரம்பையே தாக்கும், அதனால் விரல் நுனியோ பாதமோ மரத்துப்போகிறதா என்று இன்றைக்கே அவனிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
உன் நண்பன்