வெட்டிய சரணங்கள்: லொரெட்டா லின்னுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லொரெட்டா அம்மா,

அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகியான நீங்கள் 2022 அக்டோபரில், 90 வயதில் கண்மூடிய செய்தி வந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அன்றைக்கு உங்கள் பாட்டைக் கேட்கத்தான் முடிந்தது, எழுத முடியவில்லை.

1970இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளி மகள்) பாட்டில் ஒரு பன்றி வருமே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கோடை முழுக்க வெறுங்கால், குளிர்காலத்துக்கு மட்டும் எல்லாருக்கும் புது ஷூ, அதற்கான காசு பன்றியை விற்று வந்தது. ஏழ்மையைப் பற்றிப் பாடியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஷூ எந்தக் காசில் வந்தது என்று கணக்குச் சொன்னது நீங்கள்தான். ராத்திரி வேன் லியர் சுரங்கத்தில் நிலக்கரி, பகலில் சோளக் காட்டில் களைக்கொத்து என்று உழைத்த அப்பா, துணி துவைத்துத் துவைத்து விரலில் ரத்தம் கசிந்த அம்மா, கென்டக்கி மலைக்குள் புட்சர் ஹாலோ வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அப்பா 1959இல் போய்விட்டார், உங்கள் முதல் ரெக்கார்டு வந்தது 1960இல். அந்த ஒரு வருட இடைவெளி எனக்கே வலிக்கிறது, உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பதினைந்து வயதில் கல்யாணம், இருபது வயதுக்குள் நாலு குழந்தைகள், அப்புறம்தான் வீட்டுக்காரர் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கித் தருகிறார், நீங்களே தட்டித் தடவிக் கற்றுக்கொள்கிறீர்கள், ரெக்கார்டு வந்ததும் இரண்டு பேரும் காரிலேயே தூங்கி எழுந்து ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்குப் போய்க் கையில் கொடுக்கிறீர்கள். அதே ரேடியோக்காரர்களில் பலர் 1975இல் கருத்தடை மாத்திரை பற்றிய 'தி பில்' பாட்டைப் போட மாட்டோம் என்றார்கள். 1972இலேயே ஒலிப்பதிவான பாட்டு, மூன்று வருடம் பெட்டிக்குள் கிடந்தது. கிராமத்து டாக்டர்கள் உங்களைப் பாராட்டினார்கள் என்று நீங்கள் சொன்னதைப் படித்தபோது மனசு நிறைந்தது. வருடா வருடம் பிள்ளை பெற்று அலுத்துப்போன ஒருத்தி, இனி முடியாது என்று புருஷனிடமே நேராகச் சொல்கிற பாட்டு அது. நாலு பிள்ளைகளோடு நின்ற அந்த இருபது வயதுப் பெண்ணின் குரல் உங்களிடம் இருந்ததால்தான் அதை அப்படிப் பாட முடிந்தது என்று நம்புகிறேன்.

1972இல் அமெரிக்கக் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதை வாங்கிய முதல் பெண் நீங்கள். சரி, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என் மனசில் கிடப்பது வேறு. அந்தச் சுரங்கத் தொழிலாளி மகள் பாட்டை நீங்கள் இன்னும் நீளமாகத்தான் எழுதியிருந்தீர்கள். பாட்டு நீளமாக இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். ரேடியோவுக்கு மூன்று நிமிடம்தான் என்பது எனக்கும் புரிகிறது, அவர் பெரிய கைகாரர், மறுக்கவில்லை. ஆனாலும் அவர் வெட்டச் சொன்னது தப்பு அம்மா. பன்றி தப்பித்தது சரி, எதெல்லாம் போனது?

2004இல், 72 வயதில், ராக் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட்டோடு சேர்ந்து 'வேன் லியர் ரோஸ்' ஆல்பம் செய்தீர்கள். அதில் அம்மாவை, சுரங்கக்காரர்கள் எல்லாம் பார்த்து மயங்கிய இளம் பெண்ணாகப் பாடியிருக்கிறீர்கள். துணி துவைக்கும் பலகைக்கு முன்னால் குனிந்து நின்ற அதே அம்மா. அதைக் கேட்கும்போதெல்லாம், வெட்டியதில் ஒரு சரணம் முப்பது வருடத்துக்கு மேல் நடந்து வீடு திரும்பிவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகை