ஃபிரேம் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி: சைக்கிள் நிறுவனங்களுக்கும் தர நிர்ணய அமைவனத்துக்கும் ஒரு திறந்த மடல்

இந்திய தர நிர்ணய அமைவனத்தில் மிதிவண்டித் தரங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், இந்நாட்டில் சைக்கிள் தயாரித்தும் இறக்குமதி செய்தும் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் ஈரோட்டில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பெடல் கைகளான கிராங்குகள் இரண்டையும் ஃபிரேமோடு இணைக்கும், பி.பி. என்று நாம் எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் பாட்டம் பிராக்கெட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் அளவுகளை வகுப்பவர்களும் நீங்களே, அந்த அளவில் செய்து விற்பவர்களும் நீங்களே. பெடலில் விழும் மிதி முழுவதையும் தாங்குவது ஃபிரேமின் அடியில் ஷெல் எனப்படும் அந்தச் சிறு குழலுக்குள் இருக்கும் அச்சும் பேரிங்குகளும்தான் என்பதும், அவை தேயும் பாகங்கள் என்பதும், என்றைக்காவது ஒருநாள் கழற்றி மாற்றியே ஆகவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும், உள்ளே இருப்பது என்ன மரை, ஷெல்லின் அகலம் என்ன, அச்சின் நீளம் என்ன என்பதை வாங்குபவருக்கும் சொல்லாமல், பழுதுபார்ப்பவருக்கும் சொல்லாமல் சைக்கிளை விற்கும் வழக்கம் ஏன் தொடர்கிறது என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரேம் எண்ணை நீங்கள் பெரும்பாலும் பி.பி. ஷெல்லின் அடிப்புறத்தில்தான் பொறிக்கிறீர்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி பொறியுங்கள். மரையின் வகை, மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ் ஃபிட் என்றால் உள்விட்டம், ஷெல்லின் அகலம், தொழிற்சாலையில் பொருத்திய அச்சின் நீளம், பேரிங்கைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப்பைக் கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறி. இவ்வளவு இருந்தால் போதும்.

என்னை எழுத வைத்த நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். நூற்பாலை ஒன்றில் இரவுக் காவலராக இருக்கும் பெரியவர் ஒருவர் அண்மையில் தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அது பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று விற்ற, அலுமினிய ஃபிரேம் கொண்ட கியர் சைக்கிள். மழையில் பி.பி.க்குள் தண்ணீர் இறங்கிக் கிராங்க் ஆடத் தொடங்கியதும், முதலில் வீட்டுக்கு அருகில் உள்ள கடையில் கொடுத்திருக்கிறார். அங்கிருந்த இளைஞர் வலப்பக்கத்தை மற்ற எல்லா மரைகளையும் போலவே இடப்புறமாகத் திருப்பியிருக்கிறார். அசையவில்லை என்றதும், துருப்பிடித்து இறுகியிருக்கிறது என்று எண்ணி, ஸ்பேனர் பிடியில் நீளமான குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுத்திருக்கிறார். அது வலப்புறமாகத் திருப்பினால்தான் கழலும் இடமரை என்பதால் அவர் திருப்பத் திருப்ப அது இறுகியதே ஒழியக் கழலவில்லை. கடைசியில் கப் இளகியபோது ஃபிரேமின் மரையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. என்னிடம் வந்தபோது ஷெல்லின் வாயில் சுருள் சுருளாக அலுமினியச் சீவல் ஒட்டியிருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் மரை இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் பெரும்பாலோர் கறுப்புச் சைக்கிளில் கை பழகியவர்கள். அதில் காட்டர் பின்னைத் தட்டிக் கிராங்கைக் கழற்றி, இடப்பக்கக் கப்பைத் திறந்து, அச்சை அந்தப் பக்கமாகவே உருவிவிடலாம். பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் பால்ரஸ்களைத் துடைத்துக் கிரீஸ் வைத்து அடுக்கி மூடினால் வேலை முடிந்தது. வலப்பக்க நிலைக் கப்பில் கை வைக்க வேண்டிய தேவையே அநேகமாக வராது. அதில் இருப்பது இடமரை என்பதைத் தெரிந்துகொள்ளாமலே ஒருவர் ஆண்டுக்கணக்கில் நல்ல மெக்கானிக்காக இருந்துவிட முடியும். இன்று நீங்கள் விற்கும், அச்சும் பேரிங்கும் ஒரே உருளையாக அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் வகை பி.பி.யில் இரண்டு பக்கமும் கழன்றாக வேண்டும். பழைய பழக்கத்துக்குப் பொருந்தாத ஒரு பாகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். அதைத் திறக்கும் திசையை ஓர் அம்புக்குறியால் காட்டும் கடமையும் உங்களுடையதுதானே?

வலப்பக்கத்துக்கு இடமரை வைத்ததில் நல்ல காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. மிதிக்கும்போது பேரிங்கின் மீது சுழன்று சுழன்று விழும் சுமை, கிராங்க் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் கப்பைத் திருகப் பார்க்கும். வலப்பக்கத்தில் இடமரை கொண்ட ஆங்கில மரையில் அந்த விசையே கப்பை இறுக்கி வைக்கிறது. இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலமரை என்பதால், வலப்பக்கக் கப் ஓட ஓடத் தளரும் தொல்லை அதற்கு உண்டு. ஆனால் இந்தக் காரணங்களை அறியாமலே அந்தக் கப்பைக் கழற்ற வேண்டியவர்களே நாட்டில் அதிகம்.

அளவுகளின் குழப்பம் இதைவிடப் பெரிது. பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கில மரையின் விட்டம் 1.37 அங்குலம், அதாவது 34.8 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை, ஷெல்லின் அகலம் சாலைச் சைக்கிளில் 68, மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 73 மில்லிமீட்டர். இத்தாலிய மரைக்கு விட்டம் 36, அகலம் 70. பழைய பிரெஞ்சு மரைக்கு விட்டம் 35, மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர். 34.8க்கும் 35க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒன்றன் கப் மற்றொன்றில் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு சிக்கும். சிக்கிய பின் அழுத்தினால் மரை போய்விடும். பி.பி. மரைகளுக்கென்றே 1989-இல் ஐ.எஸ்.ஓ. 6696 என்ற உலகத் தரம் வெளிவந்தது. தரம் இருக்கிறது, எந்தத் தரம் என்பது மட்டும் சைக்கிளில் இல்லை.

மரை சரியாக அமைந்துவிட்டாலும் அச்சு மீதம் இருக்கிறது. சதுர முனை கொண்ட கார்ட்ரிட்ஜ் அச்சுகள் 107, 110, 113, 118, 122.5, 127.5 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வருகின்றன. நீளம் குறைந்ததைப் போட்டால் செயின் வீல் உள்ளே ஒதுங்கி, பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயான செயின் ஸ்டேயை உரசும். கூடியதைப் போட்டால் செயின் கோணலாக ஓடி, கியர் சரியாக விழாது. சதுர முனையிலும் ஜப்பானிய ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என்று இரண்டு வகை. இரண்டுக்கும் சரிவு இரண்டு டிகிரிதான், தடிமன் மட்டும் வேறு. ஒன்றுக்கு உரிய கிராங்கை மற்றொன்றில் மாட்டினால் ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நின்றுவிடும். அந்த நிலையில் மிதித்துக்கொண்டே போனால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை அரைபட்டு வட்டமாகிவிடும்.

வெர்னியரை வைத்து அளந்துகொள்ளலாமே என்று உங்கள் பொறியாளர்கள் கேட்கக்கூடும். அளக்கிறோம், அளக்கத் தெரியும். ஆனால் கழற்றினால்தான் அளக்க முடியும். கழற்றிய பழைய பி.பி.யைத் திரும்பப் போட முடியாத நிலையில்தான் பல சைக்கிள்கள் எங்களிடம் வருகின்றன. ஆகவே சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டு, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ சொல்லியனுப்பி, பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. சைக்கிளுக்கு உரியவர் அத்தனை நாளும் நடக்கிறார். ஷெல்லின் அடியில் அந்த ஒரு வரி இருந்தால், கிராங்க் ஆடுகிறது என்று அவர் வந்து சொன்ன அன்றே பாகத்தைச் சொல்லியனுப்பிவிட்டு, அது வரும்வரை அவரை மெதுவாகவேனும் ஓட்டச் சொல்லலாம். வசதியானவருக்கு இது சின்ன வேறுபாடு. இரவுப் பணி முடிந்து, பேருந்து ஓடத் தொடங்காத விடியற்காலையில் வீடு திரும்புகிறவருக்கு அப்படியல்ல.

அந்தப் பெரியவருக்காக, சைக்கிளை விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை நானே தொலைபேசியில் அழைத்தேன். ஃபிரேம் எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். அந்த எண்ணைக் கொண்டு எந்த பி.பி. என்று சொல்ல இயலாது என்றும், ஒரே மாடலிலேயே ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் மாறும் என்றும், வெளிக்கடையில் கழற்றியதால் உத்தரவாதம் செல்லாது என்றும், புதிய ஃபிரேம் தனியாக விற்பதில்லை என்றும் பதில் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பதிலின் பொருள் என்னவென்று நிர்வாகத்தினர் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். தாங்கள் உள்ளே எதைப் பொருத்தினோம் என்பது தயாரித்தவருக்கே தெரியாதாம்; அதை ஊகித்துத் தவறாகக் கழற்றிய குற்றம் மட்டும் தெருமுனைக் கடைக்காரனுடையதாம். இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. பிய்ந்துபோன ஆங்கில மரையைப் பெரிதாக்கி இத்தாலிய மரையாக வெட்டி, அந்த அளவு பி.பி. போட்டு ஃபிரேமைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அதற்கான 36 மில்லிமீட்டர் மரை வெட்டும் டேப் எங்கள் பக்கத்து லேத் பட்டறைகளில் கிடைக்கவில்லை. மற்றபடி ஒரு கீறலும் இல்லாத அந்த ஃபிரேமைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் எடைக்குப் போட வேண்டும் என்று அவரிடம் சொல்ல வேண்டியவனாக நான் நின்றேன்.

விலை உயர்ந்த சைக்கிள்களிலும் நிலைமை மேலாக இல்லை. கேனண்டேல் நிறுவனம் கொண்டுவந்த பி.பி.30-க்கு ஷெல்லின் உள்விட்டம் 42 மில்லிமீட்டர், ஷிமானோவின் பிரஸ் ஃபிட்டுக்கு 41, ஸ்ராமின் பி.எஃப்.30-க்கு 46, டிரெக்கின் பி.பி.90-இல் 37 மில்லிமீட்டர் பேரிங் ஃபிரேமிலேயே நேரடியாக உட்காரும். அச்சுகளோ 24 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர், ஸ்ராம் 2018-இல் கொண்டுவந்த 28.99 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு. எடை குறைக்கவும், ஃபிரேமின் உறுதியைக் கூட்டவும் செய்த முயற்சிகள் இவை என்பதை மதிக்கிறேன். ஆனால் மரையை ஒதுக்கிய இதே தொழில், பிரஸ் ஃபிட்டின் கிறீச் சத்தம் பற்றிய முறையீடுகள் பல ஆண்டு தொடர்ந்த பிறகு, மீண்டும் மரைக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. டிரெக் 2019 முதல் டி47 என்ற புதிய மரை வகைக்கு மாறத் தொடங்கியது; ஸ்பெஷலைஸ்டு 2020-இல் தன் டார்மாக் எஸ்.எல்.7 மாடலில் ஆங்கில மரையை மீண்டும் வைத்தது. டி47-க்குள்ளும் அகலங்கள் பல. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் செலவையும் ஏற்றவர்கள் சைக்கிள் வாங்கியவர்களும், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கருவி வாங்க வேண்டியிருந்த கடைக்காரர்களுமே.

எல்லாவற்றையும் ஒரே தரமாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்களாலும் ஆகாது. ஆகவேண்டும் என்பதும் இல்லை. எதை வேண்டுமானாலும் பொருத்துங்கள்; பொருத்தியதைப் பொறியுங்கள். டயரைப் பாருங்கள். அதிலும் அளவுகள் பல உண்டு; ஆனால் அளவும் காற்றழுத்தமும் ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் இருப்பதால், டயர் மாற்ற வருகிறவர் எந்த ஊரிலும் தடுமாறுவதில்லை.

அமைவனத்தின் அதிகாரிகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிளின் ஒளி எதிரொளிப்பான்களுக்கு 2020-இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அது இரவில் செல்வோரின் உயிரைக் காக்கும் நல்ல ஆணை. ஒரு சின்ன பாகத்துக்கு நாடு முழுவதும் ஒரே விதியைக் கொண்டுவர முடியும் என்பதை அது காட்டியது. அப்படியிருக்க, பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. சைக்கிள் அதில் இல்லை. கைபேசி பழுதானால் மாற்றுக்கு வழி தேடக்கூடியவர் பலர். சைக்கிளைத் தவிர வேறு வாகனமே இல்லாதவரின் பழுது, பட்டியலில் முதலில் அல்லவா வந்திருக்க வேண்டும்? பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியை எந்தச் சிற்றூரிலும் சரிசெய்துவிட முடிகிறது. அதன் பாகங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதுதான் காரணம். அதே எளிமை, கடன் வாங்கிக் கியர் சைக்கிள் எடுத்தவருக்கு மறுக்கப்படக் கூடாது.

சினம் கலந்து எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். என் விண்ணப்பம் பணிவானது.

அமைவனத்தினர், மிதிவண்டித் தரங்களை அடுத்த முறை திருத்தும்போது, ஃபிரேம் எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. விவரத்தையும் கழற்றும் திசையையும் பொறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வண்ணம் பூசினாலும் மறையாத ஆழத்தில், ஒட்டுத்தாளாக இல்லாமல், உலோகத்திலேயே அது இருக்க வேண்டும். கார்பன் ஃபிரேமில் அதற்கு ஏற்ற வேறு நிலையான வழியைச் சொல்லலாம். நிறுவனத்தினர் அந்த ஆணைக்குக் காத்திராமல், ஏற்கெனவே விற்ற மாடல்களுக்கு எந்த ஆண்டில் எந்த பி.பி. பொருத்தப்பட்டது என்ற பட்டியலை வெளியிட வேண்டும். இனி அச்சிடும் கையேடுகளில் அந்த விவரத்தைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் தர வேண்டும். ஒரு ஃபிரேம் எண்ணைச் சொன்னால் அதற்குரிய மரை, அகலம், அச்சு நீளம் ஆகிய மூன்றையும் சொல்லக்கூடிய ஒருவரை உங்கள் தொலைபேசிச் சேவையில் அமர்த்துங்கள். அந்தக் காவலரின் ஃபிரேமைப் பொறுத்தவரை, உத்தரவாத மறுப்பை மறுபரிசீலனை செய்யுமாறு அந்த நிறுவனத்துக்குத் தனியே கடிதம் எழுதியிருக்கிறேன், பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஈரோட்டுச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர்