பறவைப் படத்துக்கு எந்தக் கேமரா? ஜூம் எண் சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கேமரா ஒப்பீட்டுக் கட்டுரையில், லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமராவையும், லென்ஸை மாற்றக்கூடியதும் இரண்டு லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் விற்கப்படுவதுமான டிஎஸ்எல்ஆர் கேமராவையும் அருகருகே வைத்து, பறவைகளைப் படமெடுக்க விரும்புவோர் பெரிய சென்சார் (ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடு) கொண்ட டிஎஸ்எல்ஆரையே வாங்க வேண்டும் என்று முடிவு சொல்லப்பட்டிருந்தது. பெரிய சென்சார் நல்லது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டியோடு வரும் லென்ஸைக் கொண்டு ஏரியின் நடுவிலுள்ள பறவையை எடுக்கப் போகிறவருக்கு அந்த முடிவு பொருந்தாது என்பதை, கரைகளில் பல ஆண்டுகளாகக் கேமராவும் கையுமாக நிற்பவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஜூம் எண்ணைப் பார்ப்போம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ‘83 மடங்கு’, ‘125 மடங்கு’ என்பவை பறவை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்வதில்லை. லென்ஸின் மிகக் கூடிய குவியத் தூரத்தை (இது நீளமானால் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்) மிகக் குறைந்த குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு அது, அவ்வளவே. 2015-இல் வெளிவந்து பறவை ஆர்வலர்களிடையே பெரிதும் பரவிய நிக்கான் பி900 கேமராவின் லென்ஸ் 4.3 மில்லிமீட்டரில் தொடங்கி 357 மில்லிமீட்டரில் முடிகிறது. வகுத்துப் பார்த்தால் 83 வருகிறது. காட்டுயிர்ப் படக்காரர்கள் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் 600 மி.மீ. நிலைக்குவிய லென்ஸுக்கோ குவியத் தூரம் மாறுவதே இல்லை என்பதால், இந்தக் கணக்கின்படி அதன் ஜூம் ஒரே ஒரு மடங்குதான். கடைக்காரர் இதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே கேமராவின் விளம்பரத்தில் காணப்படும் 2000 மி.மீ. என்ற எண்ணும் உண்மையான குவியத் தூரம் அன்று. 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்டச் சென்சாரில் அதே காட்சியைப் பெற எவ்வளவு நீண்ட லென்ஸ் தேவைப்படும் என்பதைக் குறிக்கும் இணை அளவு அது. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மி.மீ. மட்டுமே, நிக்கானின் சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருப்பது 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பில் சுமார் 13 மடங்கு வேறுபாடு. தங்கள் கட்டுரையாளர் இந்த 13 மடங்கையே தம் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கிறார். வீட்டு விசேஷத்தையோ, கோயில் பிராகாரத்தையோ, மாலை நேரக் கடற்கரையையோ எடுப்பதானால் அவர் சொல்வது முற்றிலும் சரி. அங்கே சட்டத்தின் மூலைக்கு மூலை காட்சி நிறைந்திருக்கும், சென்சாரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பயன்படும்.

தொலைவிலுள்ள பறவை அப்படியன்று. வேடந்தாங்கலின் கரையில் நின்றுகொண்டு, நீருக்கு நடுவே கடப்ப மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரையை 300 மி.மீ. லென்ஸால் எடுத்தால், பெரிய சென்சாரின் பெரும்பகுதியை வானமும் இலைகளும் எடுத்துக்கொள்ளும். பறவை நடுவில் ஒரு சிறு துண்டில் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கும்போது மீதமுள்ள சென்சார் பரப்புக்கு நாம் கொடுத்த விலை அந்தப் படத்தைப் பொறுத்தவரை வீண். இத்தகைய நிலையில் கேட்க வேண்டிய கேள்வி, பறவையிடமிருந்து வரும் ஒளியில் எவ்வளவு லென்ஸுக்குள் நுழைகிறது என்பதே. அதற்கு ஒரு வகுத்தல் கணக்கு போதும்: ஜூமின் நீண்ட முனையில் உள்ள உண்மையான குவியத் தூரத்தை, அந்த முனையில் கிடைக்கும் மிகப் பெரிய அப்பெர்ச்சரின், அதாவது லென்ஸ் திறப்பின், எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைத்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். பி900-இல் 357 மி.மீ., எஃப் 6.5, விட்டம் 55 மி.மீ. நிக்கான் டிஎஸ்எல்ஆர் பெட்டிகளில் இரண்டாவது லென்ஸாக வந்த 70–300 லென்ஸில் 300 மி.மீ., எஃப் 6.3; விட்டம் 48 மி.மீ. கேனன் பெட்டிகளில் வரும் 55–250 லென்ஸில் 250 மி.மீ., எஃப் 5.6, விட்டம் 45 மி.மீ. அதாவது, ஒரே தொலைவிலுள்ள ஒரே பறவையிடமிருந்து, ஒரே ஷட்டர் வேகத்தில், கட்டுரை தள்ளிவைத்த சூப்பர் ஜூம் கேமரா, அது பரிந்துரைத்த வகை டிஎஸ்எல்ஆர் பெட்டியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஒளியை வாங்குகிறது. அந்தப் பறவையின் மேல் விழும் பிக்சல்களின் எண்ணிக்கையும் நீளவாக்கில் மூன்று மடங்குக்கு மேல். ‘பெரிய கேமரா’ என்ற மரியாதைக்காகவே இரண்டு லென்ஸ் பெட்டியை வாங்கிக் கரையில் நிற்கும் இளைஞர்கள், பக்கத்தில் நிற்பவர் சிறிய கேமராவில் பவளக்காலியின் சிவந்த காலைக் காட்டும்போது விழிப்பதற்குக் காரணம் இதுவே.

இதனால் சூப்பர் ஜூம் கேமராவுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் குறைகள் கடுமையானவை. விற்பவர்கள் அவற்றையும் சொல்வதில்லை. மூன்று மடங்கு பிக்சல் என்றேனே தவிர, மூன்று மடங்கு நுணுக்கம் என்று சொல்லவில்லை. அந்தச் சிறிய சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.3 மைக்ரான், எஃப் 6.5 துளை வழியாக வரும் ஒளிப்புள்ளி, துளையின் விளிம்பில் ஒளி வளையும் விளிம்பு விளைவால் சுமார் 9 மைக்ரான் அளவுக்கு விரிகிறது. லென்ஸ் எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும் இந்த வரம்பை அது மீற முடியாது. ஆகவே இந்த வகையில் மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து ஒரு மாடலைவிட இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை. மேலும் பி900 ஜேபெக் வடிவில் மட்டுமே படத்தைச் சேமிக்கும். பின்னர் வந்த பி1000, பி950 ஆகியவற்றில்தான் சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் தரும் ரா கோப்பு கிடைத்தது. நிழலில் கறுத்துப்போன இறகைப் பின்னால் கணினியில் மீட்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது குறை, பறவையைத் தேடிப் பிடிப்பது. 2000 மி.மீ. இணை அளவில் காட்சியின் அகலம் சுமார் ஒரு பாகை. முழு நிலவு அரைப் பாகை என்பதால், வானத்தில் இரண்டு நிலவு அகலத்துக்குள் நாம் தேடுகிறோம். பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஜூம் தற்காலிகமாகப் பின்வாங்கி, விட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பும் வசதி நிக்கானின் இந்த வரிசையில் உண்டு; அது இல்லாமல் இலைகளுக்கிடையே தாவும் தேன்சிட்டைப் பின்தொடர்வது நடவாத காரியம். பறக்கும் பறவை என்றால் இந்த வகைக் கேமராவை எடுக்காமல் இருப்பதே மேல். மின்னணு வியூஃபைண்டரில் காட்சி சற்றுப் பிந்தி வருகிறது, ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து நிலைகொள்வதற்குள் ஆலா அடுத்த முறை நீரில் பாய்ந்து எழுந்துவிடும். இன்னும் வேகமாகப் பறக்கும் பனை உழவாரனைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒளி குறையும்போதும் இதே நிலைதான். நம் நீர்நிலைகளில் பறவைகள் கூடும் காலமும் வடகிழக்குப் பருவமழையின் மூட்டமான காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மேகமூட்டத்தில் எஃப் 6.5 அப்பெர்ச்சரோடு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டுமானால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஆயிரத்துக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இடத்தில் சிறிய சென்சாரின் படம் புள்ளி புள்ளியாகச் சிதைந்து, கேமராவே அதை மழுப்பிச் சரிசெய்ய முயன்று, இறகின் வரிகள் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும்.

அப்படியானால் லென்ஸ் மாற்றும் கேமராவின் பெருமை எங்கே தெரிகிறது? அதற்குத் தகுந்த லென்ஸைப் பொருத்தும்போதுதான். நிக்கானின் 200–500 எஃப் 5.6 லென்ஸில் மேற்சொன்ன விட்டம் 89 மி.மீ.; பி900-ஐவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமான ஒளி. சிக்மா, டேம்ரான் நிறுவனங்களின் 150–600 லென்ஸ்களில் விட்டம் 95 மி.மீ. இத்தகைய லென்ஸோடு நடுத்தர டிஎஸ்எல்ஆர் ஒன்று சேர்ந்தால், கழுத்தை வளைத்துச் சிறகு விரித்து இறங்கும் கூழைக்கடாவைச் சூப்பர் ஜூம் கேமரா எந்நாளும் எட்ட முடியாத தெளிவோடு எடுக்கலாம். அதற்கான விலை பணத்தில் மட்டும் இல்லை. 200–500 லென்ஸின் எடை சுமார் 2.3 கிலோ, கேமராவும் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தொடும். பி900-இன் எடையோ 900 கிராம். பேருந்தில் வந்து, வரப்பில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, மனைவி மக்களோடு திரும்ப வேண்டியவருக்கு மூன்று கிலோ சிறிய செய்தி அன்று. லென்ஸ் ஒன்றின் விலையே முழுச் சூப்பர் ஜூம் கேமராவின் விலையைத் தாண்டிவிடுகிறது.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸா, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரா என்ற விவாதத்தை நான் இதற்குப் பிறகுதான் வைப்பேன். கேனன், நிக்கான் இரண்டும் தம் கடைசி உச்சநிலை டிஎஸ்எல்ஆர்களை 2020-இல் வெளியிட்டன. புதிய லென்ஸ்கள் மிரர்லெஸ் வரிசைக்கே வருகின்றன. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பற்றும் ஃபோகஸ் அங்கேதான் உண்டு. புதிதாகவும் வசதியாகவும் வாங்க முடிந்தவர் மிரர்லெஸ் வாங்கட்டும். முடியாதவருக்கு, பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர் உடல்களும் நீண்ட லென்ஸ்களும் இரண்டாம் கைச் சந்தைக்கு வருவது ஒரு வாய்ப்பு. லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நம் கடலோர ஈரப்பதத்தில் அலமாரியில் வைத்த லென்ஸ்களுக்கு இது மிகச் சாதாரணம்.

எந்த வகையை வாங்கினாலும் ஒன்று மாறாது. காலை ஒன்பது மணிக்கு மேல் பள்ளிக்கரணையிலோ மரக்காணம் உப்பளத்திலோ வெயில் ஏறினால், நீருக்கும் மண்ணுக்கும் மேலுள்ள காற்று அலையத் தொடங்கிவிடும். அதன் பிறகு நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள உள்ளான் எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. 3000 மி.மீ. இணை அளவு கொண்ட பி1000-ஐ வாங்கியவர்கள் கேமராவில் பழுது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் கானலைத்தான்.

என் பரிந்துரை இதுதான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்வோர், ஈபேர்ட் இணையதளத்தில் பறவைப் பட்டியல் இடுவோர், மாணவர்களை ஏரிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கோடியக்கரையில் கால் வளையமிட்ட பறவையைக் கண்டால் அதன் எழுத்தைப் படித்துத் தெரிவிக்க விரும்புவோர் ஆகியோருக்குத் தேவை அடையாளம் காட்டும் சான்றுப் படம். அவர்கள் சூப்பர் ஜூம் கேமராவை வாங்கலாம், கூடு கட்டிய மரத்தை நெருங்காமல் கரையிலேயே நிற்க அது உதவும் என்பதும் கூடுதல் நன்மை. பறக்கும் பறவையும் அதிகாலை ஒளியும்தான் வேண்டும் என்பவர்கள், 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸுக்குப் பணம் சேரும் வரை காத்திருந்து, கேமரா உடலில் சிக்கனம் பிடிக்கலாம். இரண்டு லென்ஸ் பெட்டி குடும்பப் படங்களுக்கு நல்ல பொருள். பறவைக்காக அதை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வாங்கும் முன் சொந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, பிற்பகலில் அல்லாமல் மாலை மங்கும் நேரத்தில் கடைக்குப் போவது நல்லது. வாசலில் நின்று தெருக்கோடியிலுள்ள பெயர்ப் பலகையை ஒரு முறையும், மேலே பறக்கும் காகத்தை ஒரு முறையும் இரண்டு கேமராக்களிலும் எடுத்து, படங்களை வீட்டில் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுநாள் பணம் கட்டலாம். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேமரா ஒப்பீட்டு அட்டவணை வெளியிடும்போது, ஜூம் மடங்கு, மெகாபிக்சல் என்ற இரு பத்திகளோடு நிறுத்திவிடாமல், சென்சாரின் நீள அகலம், நீண்ட முனையின் உண்மையான குவியத் தூரம், அந்த முனையில் உள்ள எஃப் எண் ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இவை நிறுவனங்கள் வெளியிடும் விவரக் குறிப்பேடுகளிலேயே இருப்பதால் தங்கள் கட்டுரையாளருக்குக் கூடுதல் வேலை அதிகமிராது. வகுத்துப் பார்க்கும் வேலையை வாசகர்கள் செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
செங்கல்பட்டு