சப்போரோ அடுப்பில் பிர்ரியா ராமென்

தம்பி,

நேற்று ஜப்பானிலிருந்து போனில் கேட்டாயே, அந்தப் பிர்ரியா நூடுல்ஸை, அதாவது மெக்சிகோக் கறிக்குழம்பில் உன் ஊர் ராமென் நூடுல்ஸைப் போடுவதை, எப்படிம்மா செய்வாய் என்று. போனில் சொன்னால் நான் பாதியை விட்டுவிடுவேன், நீ மீதியை மறந்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எல்லாமே கண்ணளவுதான். ஆனால் "கொஞ்சம்" என்று எழுதினால் எத்தனை கிராம் என்று ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் கேட்பாய், ஆகவே அளவோடு எழுதுகிறேன்.

முதலில் மிளகாய், ஏனென்றால் நான் தப்பு செய்ததே அங்கேதான். சாத்தூர் பக்கத்துக்காரி, எனக்கா வத்தலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர். எதிர்வீட்டு அம்மா, மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்துக்காரி, நீ செனோரா செனோரா என்று பின்னாலேயே சுற்றுவாயே அவர்தான், ஒரு பை நிறைய வத்தலைக் கொடுத்து, ஒரு கிலோ கறிக்குப் பன்னிரண்டு போடு என்றார். பன்னிரண்டா, இந்த அம்மாவுக்கு என்ன கிறுக்கா என்று நினைத்துக்கொண்டு நாலு மட்டும் போட்டேன். காரமும் இல்லை, நிறமும் இல்லை, வெந்நீரில் கறி மிதந்த மாதிரி ஒன்று வந்தது. நீயும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாய், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், நமக்கு மிளகாய் என்றால் காரம். அவர்களுக்கு அது ஒரு காய்கறி மாதிரி. குழம்பின் உடம்பே அதுதான். குவாஹியோ என்று நீளமாக, பளபளவென்று இருக்குமே, அதில் காரம், ஸ்கோவில் என்று காரத்தை அளக்கிற கணக்கில், 2,500 முதல் 5,000தான், ருசிக்கும் நிறத்துக்கும் போடுவது. ஆன்ச்சோ அகலமாக, கறுத்து, திராட்சை வாசனையோடு இருக்கும், அது இனிப்புக்கு. ஆர்போல்தான் குச்சி மாதிரி இருந்துகொண்டு கடிக்கிற ஆள், 15,000இலிருந்து 30,000 வரை போகும். ஒரு கிலோவுக்குக் குவாஹியோ எட்டு, ஆன்ச்சோ இரண்டு, ஆர்போல் இரண்டு.

சப்போரோவில் இதெல்லாம் தேடி அலையாதே. கொரியச் சாமான் விற்கிற இடத்தில் கோச்சுகாரு என்று சிவப்பாகக் கொரகொரப்பான தூள் இருக்கும், குவாஹியோவுக்குப் பதில் அதில் நாலு மேசைக்கரண்டி. ஆன்ச்சோவுக்குப் பதில் உலர்ந்த திராட்சை நாலு ஊற வைத்து அரைத்துக்கொள். காரத்துக்கு அங்கேயே தகா நோ த்சுமே இருக்கிறது, பருந்தின் நகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூன்று போதும். எல்லாமே காரம்தானே என்று கோச்சுகாருவுக்குப் பதிலாகவும் அதையே அள்ளிப் போட்டால் வயிறு உன்னுடையது.

வத்தல் கிடைத்தால் மட்டும் வறுக்க வேண்டும், தூளை வறுக்காதே. விதையை உதறிவிட்டு, காம்பைக் கிள்ளிவிட்டு, காய்ந்த கல்லில் தட்டையாக அழுத்திப் பிடி. தோல் லேசாகக் கொப்பளித்து, ஒரு நிறம் மாறி, புகையிலையும் உலர்ந்த பழமும் கலந்த மாதிரி ஒரு மணம் எழும்பும். பத்து பதினைந்து வினாடி, அவ்வளவுதான், திருப்பிப் போட்டு எடுத்துவிடு. கறுத்தால் கசப்பு, அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. ஒரு தடவை இங்கே போன் வந்ததென்று நான் கல்லை விட்டுப் போய், வீடே கமறி, புகை அலாரம் அலறி, அப்பா வாசலில் நின்று தும்மியது ஞாபகம் இருக்கிறதா? கண்ணேறு இருந்தால் கமறாது என்பார்கள், அன்றைக்குக் கமறிய கமறலுக்கு நம் வீட்டில் ஒரு துளி திருஷ்டி கிடையாது. உன் ஊரில் குளிருக்கு ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருப்பாய், வறுக்கும்போது மட்டும் காற்றாடியைப் போட்டுக்கொள்.

வறுத்ததை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறப் போடு. இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், பத்து மிளகு, மூன்று கிராம்பு, விரலளவு பட்டை, இரண்டு மேசைக்கரண்டி வினிகர், எல்லாம் சேர்த்து மைய அரை. பட்டை இலங்கைப் பட்டையாக இருக்கட்டும், மெக்சிகோவில் கனேலா என்று வாங்குவதும் அதைத்தான். வத்தலாக இருந்தால் அரைத்ததைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும், தோல் பல்லில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

கறிக்கு உன் ஊர் நல்ல ஊர். இங்கே சாப்பாட்டு டிரக்குகளில் மாட்டுக்கறியில்தான் நிறைய செய்கிறார்கள், ஆனால் ஹலிஸ்கோவில் பிர்ரியா என்றால் ஆட்டுக்கறிதான், அதனால் நம் வீட்டில் வெள்ளாட்டுக்கறி. அங்கே வெள்ளாடு கிடைக்காவிட்டாலும் ஹொக்கைடோவில் ஜிங்கிஸுகான் என்று கறியைச் சுட்டுச் சாப்பிடுவதற்குச் செம்மறி விற்பார்களே, அதில் தோள்பட்டைக் கறியாகக் கேட்டு வாங்கு. மெல்லிசாகச் சீவியதை வாங்கிவிடாதே, பெரிய துண்டு வேண்டும். உப்புப் போட்டு, அரைத்ததில் புரட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வை. மறுநாள் கறிக்கு மேல் இரண்டு விரல் நிற்கிற அளவு தண்ணீர், இரண்டு பிரிஞ்சி இலை, சின்னத் தீயில் மூன்று மணி நேரம். மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கும், அதை வழித்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வை, கொட்டிவிடாதே. கடைசியில் அதுதான் வேலை செய்யும்.

இனி ஜப்பான் பக்கம். அது எனக்கு நீ சொல்லிக்கொடுத்ததுதான், சிரிக்காதே. கொம்பு என்கிற உலர்ந்த கடல்பாசி ஒரு துண்டு, உள்ளங்கை அளவு, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும், கறி வேக அந்தத் தண்ணீரையே ஊற்று. அடுப்பை அணைத்த பிறகு ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி மிசோ, அந்தப் புளித்த சோயா விழுது, ஒரு கரண்டி சாற்றில் கரைத்துச் சேர்க்க வேண்டும், கொதிக்கவிட்டால் மிசோவின் மணம் போய்விடும். மிசோவிலேயே உப்பு இருக்கிறது, அதனால் முதலில் கறிக்குப் போடுகிற உப்பைப் பாதியாகக் குறை. நூடுல்ஸைத் தனித் தண்ணீரில் வேக வை, சாற்றிலேயே போட்டால் மாவு கரைந்து கஞ்சியாகிவிடும். உங்கள் ஊரில் மஞ்சளாகச் சுருள் சுருளாக விற்பதுதான் இதற்குப் பொருத்தம், சுருளுக்குள் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். இங்கே நான் சமயத்தில் ஸ்பகெட்டியில் ஏமாற்றுவேன். கொதிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டால் அதுவும் ராமென் மாதிரி மஞ்சளித்து இழுபடும்.

கிண்ணத்தில் நூடுல்ஸ், சாறு, பிய்த்த கறி, மேலே அந்தச் சிவப்பு எண்ணெய் ஒரு கரண்டி. பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சை. ஆறரை நிமிஷம் வேக வைத்த முட்டை. சப்போரோ ராமெனில் போடுகிற மக்காச்சோளத்தையும் போடு, சோளம் பிறந்தது மெக்சிகோ மண்ணில்தானே, அது தன் வீட்டுக்குத் திரும்பியதாக இருக்கட்டும். வெண்ணெய் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது.

உன் கூட வேலை செய்கிறவர் இது ராமெனே இல்லை என்றாராமே. சண்டைக்குப் போகாதே. ஆனால் ராமென் அங்கே போனது சீனாவிலிருந்து, மிசோ ராமெனே சப்போரோவில் 1950களில்தான் வந்தது, மிளகாயைத் தோகராஷி, அதாவது சீனத்துக் காரம் என்று அவர்கள் சொல்கிறார்கள், அது கிளம்பியது அமெரிக்கக் கண்டத்திலிருந்து. நாமும் மிளகு மாதிரி இருக்கிற காய் என்று பெயர் வைத்து நம்முடையதாக்கிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு பற்றி நீ ஒரு அட்டை செய்தாயே, 1903இல் சர்க்கரை பீட் வயல்களில் ஜப்பான்காரர்களும் மெக்சிகோகாரர்களும் ஒன்றாகச் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள் என்று. பேச்சு வந்தால் அதைச் சொல், இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் கொடுத்துவிடு, அதுவே போதும்.

அப்பா நன்றாக இருக்கிறார். இப்போதும் இதைப் பிரியா என்றுதான் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை போனில் சித்தியிடம் "இன்னைக்கு வீட்டுல பிரியாதான்" என்று சொல்லி, யார் அந்தப் பிரியா என்று அவள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

போன வாரம் நீ அனுப்பிய படத்தில் உன் அடுப்பையும் அந்தச் சட்டியையும் பார்த்தேன். அதில் ஒரு கிலோ கறி கொள்ளாது. அரைக் கிலோ போடு, மிளகாயையும் பாதியாக்கு.

அம்மா