ஓவிடைச் சும்மா விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் 'ரோமாபுரியின் காமசூத்திரம்' என்ற கட்டுரையைப் பார்த்தேன். ரோமானியக் கவிஞர் ஓவிடின் 'ஆர்ஸ் அமடோரியா'வை ('காதல் கலை') அப்படி அழைக்கிறது கட்டுரை. அது எப்படிப்பட்ட நூல் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உழவு, தேனீ வளர்ப்பு என்று இன்னொரு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் கவிதையில் பாடம் நடத்தினார். அதே வாத்தியார் குரலில் ஓவிட், பெண்ணை மடக்குவது எப்படி என்று பாடம் எடுத்தால் அது நக்கல் அல்லாமல் வேறென்ன? தேர்ப் பந்தயத்தில் பக்கத்தில் இருப்பவள் மடியில் தூசி விழுந்தால் தட்டிவிடு, விழாவிட்டால் இல்லாத தூசியைத் தட்டிவிடு என்கிறார். இதைப் போய் 'வழிகாட்டி நூல்' என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். படுக்கையறைச் சமாசாரம் இரண்டாம், மூன்றாம் புத்தகங்களின் கடைசியில் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். (வாத்ஸ்யாயனருக்கும் ஏழில் ஒரு பகுதிதான் அது. பாவம் அவரும்.)

மூன்றாம் புத்தகம் பெண்களுக்கென்றே எழுதியது. அதைப் பற்றி மூச்சே இல்லை. குள்ளமாக இருந்தால் உட்கார்ந்தே இரு, பல் சரியில்லையென்றால் சிரிக்காதே என்ற இடத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இதெல்லாம் எங்க அத்தை அப்பவே சொல்லியாச்சு" என்றாள்.

நான் குருமடத்தில் ஆறு வருடம் லத்தீன் படித்தவன். சீசர், சிசரோ எல்லாம் மேசைமேல் இருக்கும். ஓவிட் மட்டும் பீரோவுக்குள். சாவி கேட்டதற்கு ஒரு மாதம் நூலகத்துப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். ஓவிடை நாடுகடத்திய ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் பரவாயில்லை, கருங்கடல் வரைக்குமாவது அனுப்பினார்! அந்த கி.பி. 8ஆம் வருடத்துத் தண்டனைக்கு இந்த நூல் ஒன்றே காரணம் என்கிறது கட்டுரை. ஓவிடோ 'ஒரு கவிதை, ஒரு தவறு' என்று இரண்டு சொல்கிறார். தவறு என்னவென்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. நூல் வெளிவந்து பல வருடம் கழித்துத்தான் தண்டனையே வந்தது. ரோம் நகர சபைகூட 2017இல் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. உங்கள் அலுவலகத்துக்கு இன்னும் தகவல் வரவில்லை போலும்.

மூன்று வருடத்துக்கு முன் லத்தீனை 'செத்த மொழி' என்று துணுக்கு போட்டீர்கள். நான் எழுதிய இரண்டு பக்க மறுப்பில் 'தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்' என்ற வரி மட்டும் அச்சில் வந்தது. சந்தா கட்டியும் இதழ் பத்து நாள் தாமதமாக வருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையோடு ஓவிட் என்று போட்ட படம் வெர்ஜிலுடையது. அதற்கு மட்டும் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்